படகு வாடகை, துடுப்பு சொந்தம்

கடலில் ஓட்டும் கயாக் படகு ஏறத்தாழ 5 மீட்டர் நீளம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு யாரும் விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில் போய் நிற்பதில்லை. நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்குப் போகிறவரும் சரி, தாய்லாந்தின் கிராபி கடற்கரைக்குப் போகிறவரும் சரி, படகைப் போன இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், கயாக்கில் கை பழகியவர்கள் துடுப்பை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோக ஆசைப்படுவார்கள்.

ஆசைக்குக் காரணம் உண்டு. கயாக் துடுப்பு ஒரே தண்டு. இரு முனையிலும் பிளேடு. வாடகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் பிளேடும் கொண்ட ரகம். எடை 1 கிலோவைத் தாண்டும். நல்ல கார்பன் ஃபைபர் துடுப்பு 700 கிராம் அளவில் முடிந்துவிடும். முந்நூறு கிராமெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 60 வீச்சு என்று வைத்தால், 5 மணி நேரத்தில் 18,000 வீச்சு. மாலையில் தோள்பட்டை அந்தக் கணக்கைச் சொல்லிவிடும். தவிர, ஓட்டுபவரின் உயரத்துக்கும் படகின் அகலத்துக்கும் ஏற்பத் துடுப்பின் நீளம் மாறும். பிளேடுகளை எந்தக் கோணத்தில் திருப்பி வைப்பது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு.

சிக்கல் நீளத்தில்தான் தொடங்குகிறது. கடல் கயாக் துடுப்பு பொதுவாக 210 முதல் 240 செ.மீ. வரை இருக்கும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் சாதாரணப் பெட்டிக்கு வைத்திருக்கும் வரம்போ நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் வெளியிட்ட தடைப் பட்டியலில், பயணிகள் விமானத்துக்குள் எடுத்துச் செல்லக்கூடாத பொருள்களாக கிரிக்கெட் மட்டை, கோல்ஃப் மட்டை ஆகியவற்றோடு கயாக் துடுப்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரியின் கண்ணுக்கு அது ஓர் அடிக்கும் தடி. ஆக, சரக்கறைதான் கதி.

கவுன்டரில் பை நகர்ந்த பிறகு நடப்பதைப் பயணி பார்ப்பதில்லை. பெல்ட்டில் வளைந்து திரும்பி, இயந்திரக் கையால் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, டிராலியில் விழுந்து, கடைசியில் சரக்கறைக்குள் ஏறுகிறது. போயிங் 737 போன்ற விமானங்களில் அந்த அறைக்குள் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது; ஊழியர்கள் மண்டியிட்டபடிதான் பெட்டிகளை அடுக்குகிறார்கள். துடுப்பின் மேல் 23 கிலோ பெட்டிகள் நாலைந்து ஏறி உட்காரலாம். ‘உடையும் பொருள்’ என்ற ஸ்டிக்கர் அங்கே பெரிதாக எதையும் சாதிப்பதில்லை.

கார்பன் ஃபைபரின் சுபாவம் இதற்கு ஒத்துவராது. இழை ஓடும் திசையில் அதன் வலிமை அபாரம்; பக்கவாட்டில் கூர்மையான ஓர் அடி பட்டால், இழைகளைப் பிணைக்கும் பிசின் விரிசல் விட்டு அடுக்குகள் பிரிகின்றன. வெளியே மெல்லிய கீறல்தான் தெரியும். அந்தக் கீறலோடு கடலில் இறங்கினால், அலையில் முழு பலத்தோடு இழுக்கும் நேரத்தில் தண்டு முறியலாம். அடுத்த பலவீனம் பிளேடின் விளிம்பு. அதைவிட மோசமானது, நடுவில் கழலும் துடுப்புகளில் இரு பாதிகளையும் பூட்டும், பலரும் கவனிக்காத இணைப்புக் குழல். அழுத்தம் பட்டு அதன் வட்டம் துளி நசுங்கினாலும் போதும், இரு பாதிகளும் ஒன்றோடொன்று சேராது. உடையாத துடுப்பு, ஆனாலும் உதவாது.

ஆகவே விமானப் பயணம் உறுதி என்றால் முதல் வேலை பையைத் தேடுவதல்ல, பல துண்டாகக் கழலும் துடுப்பை வாங்குவது. இரண்டு துண்டாகக் கழலும் 220 செ.மீ. துடுப்பின் ஒவ்வொரு பாதியும் 110 முதல் 115 செ.மீ. வரை வரும். பையின் அகலத்தையும் தடிமனையும் சேர்த்து 40 செ.மீ.க்குள் அடக்கினால் 158-க்குள் நுழைந்துவிடலாம். நான்கு துண்டு ரகம் இன்னும் மேல்: பெரிய சூட்கேஸுக்குள் மூலைவாட்டில் துணிகளுக்கு நடுவே படுத்துவிடும். ஸ்காட்லாந்தில் தொடங்கிய லெண்டல் நிறுவனம் இந்த ரகத்துக்குப் பெயர் பெற்றது. இணைப்பு கூடினால் எடையும் சிறிது கூடும் என்று பந்தய வீரர்கள் முகம் சுளிப்பார்கள். சுற்றுலாப் போகிறவருக்கு அந்தக் கவலை வேண்டாம். துடுப்பு உள்ளே இருப்பதே தெரியாத சூட்கேஸ்தான் அதற்கு மிகப் பாதுகாப்பான உறை. ஒரே ஒரு எச்சரிக்கை: சில துடுப்புகளின் இணைப்பை ஆலன் சாவியால்தான் முறுக்க வேண்டும். சாவி வேறு பெட்டியில் போய், அந்தப் பெட்டி வேறு ஊருக்குப் போனால் கதை முடிந்தது.

கட்டும் முறையில் ஒரே குறிக்கோள், உள்ளே எதுவும் அசையக்கூடாது. பிளேடுகள் சற்றுக் குழிந்திருப்பதால், இரண்டு கரண்டிகளை அடுக்குவது போல ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நடுவில் ஒரு துவாலையைக் கொடுக்கலாம். விளிம்புக்கு விலை உயர்ந்த உறை எதுவும் தேவையில்லை. ஏ.சி. மெக்கானிக்குகள் செப்புக் குழாய்க்கு மாட்டும் கருப்பு ஃபோம் குழாயை நீளவாக்கில் கீறி, விளிம்பின் மேல் செருகினால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். இணைப்புக் குழலின் வாய்க்குள் துணியைச் சுருட்டி அடைத்து, மேலே பழைய காலுறையை மாட்டிவிட வேண்டும். மணலும் உள்ளே போகாது. தண்டுகளைப் பி.வி.சி. பைப்புக்குள் இடுகிறவர்களும், எல்லாவற்றையும் சேர்த்துப் பனிச்சறுக்குப் பையிலோ கோல்ஃப் பெட்டியிலோ வைக்கிறவர்களும் உண்டு. கட்டி முடித்ததும் பையைத் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

காற்றடைத்த பையை மெத்தையாகக் கொடுப்பவர்கள் அதை முழுக்க ஊதக்கூடாது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல, தரையில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுக்கு இறங்கலாம். அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். பை வெடிக்கும், அல்லது பிளேடை நெரிக்கும்.

நியூசிலாந்து போகிறவர்களுக்கு இன்னொரு வேலை. அந்நாட்டின் தெற்குத் தீவில் 2004-இல் டிடிமோ என்ற அயல்நாட்டுப் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து, ஆற்றில் இறங்கிய கருவிகள் மேல் அதிகாரிகளுக்குக் கடும் கண்காணிப்பு. துடுப்பைக் கழுவி நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும். வருகைப் படிவத்திலும் குறிப்பிட வேண்டும். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

இத்தனைக்குப் பிறகும் உடைந்தால்? கனடாப் பாடகர் டேவ் கரோலின் கிடார் 2008-இல் யுனைடெட் விமானப் பயணத்தில் உடைந்தது. பழுதுபார்க்க 1,200 டாலர் ஆனது. 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று நிறுவனம் கைவிரித்தது. அவர் 2009-இல் அதைப் பாட்டாக்கி யூடியூபில் ஏற்ற, உலகமே பார்த்துச் சிரித்தது. பாட்டெழுத வராதவர்களுக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால், அதைப் பெற்ற 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு); ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இந்தியாவும் 2009 முதல் இதில் உறுப்பு நாடு. ஆனால், பொருளின் இயல்பான குறைபாட்டால்தான் சேதம் என்று நிரூபித்தால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளலாம். எனவே கட்டுவதற்கு முன்பும் பின்பும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பை கைக்கு வந்ததும் விமான நிலையத்திலேயே திறந்து, துண்டுகளைப் பூட்டிப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அங்கேயே புகார் எழுதி நகல் வாங்குங்கள். படகுக்கு முன்பதிவு செய்யும்போதே கடைக்காரரிடம் ஒரு மாற்றுத் துடுப்பும் சொல்லி வையுங்கள். தூரப் பயணம் போகும் கடல் கயாக்காரர்கள் எப்படியும் இன்னொரு துடுப்பைப் படகின் மேல் கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.