கடலடி முத்தும் விண்ணக நகைப்பெட்டியும்

மன்னாருக்குத் தெற்கே கடலோரமாக அமைந்த சிற்றூர் சிலாவத்துறை. முத்துக் குளிப்பைச் 'சலாபம்' என்று வழங்கினர் நம் முன்னோர். அச்சொல்லின் மணம் இவ்வூர்ப் பெயரில் இன்றும் கமழ்கின்றது. அருகேயுள்ள அரிப்பில், முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வையிடுவதற்கெனக் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் அலைகளுக்குச் சிறிது சிறிதாக இரையாகி வருகின்றன.

அக்காலத்திற் சலாபம் திறக்குமுன் ஒரு சோதனை நடைபெறும். கடலின் அடியிற் கோடிக்கணக்கான சிப்பிகள் கிடக்கும். அத்தனையையும் எண்ணுவார் யார்? சுழியோடிகள் இங்கும் அங்கும் சிலவற்றை அள்ளி வருவார்கள். அவற்றின் பருமனைக் கொண்டு பாரின் வயதைக் கணிப்பார்கள். ஒரே காலத்திற் குஞ்சாகப் படிந்த சிப்பிகள் ஒரே வயதின அல்லவா? ஏறத்தாழ நான்கைந்து வயதானாற் குளிக்கலாம். இளையனவாயின் காத்திருக்க வேண்டும். காலம் கடந்தாலோ சிப்பிகள் மடிந்து முத்தும் மண்ணோடு போய்விடும்.

கைக்கெட்டாத ஒரு கூட்டத்தின் வயதையும் செல்வத்தையும் மாதிரி பார்த்து மதிப்பிடும் இக்கலையையே இன்று வானியலார் விண்ணிற் செய்கின்றனர்.

எங்கே பார்ப்பது?

வைகாசி மாதத்தின் தொடக்கத்தில், இரவு ஒன்பது மணியளவிற் சிலாவத்துறைக் கடற்கரையிலே தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்திலிருந்து முப்பது பாகைக்கும் தாழ்வாக நான்கு நட்சத்திரங்கள் சிலுவை வடிவில் நிமிர்ந்து நிற்கும். அதுவே தென்சிலுவை. திரிசங்கு என்றும் அதனை அழைப்பர். சிலுவையின் இடக்கை நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி, மங்கலான ஒளித்துளி ஒன்று தென்படும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு நட்சத்திரம் போலவே தோன்றும். கையிற் பிடிக்கும் இரட்டைக்கண் தூரதரிசினி ஒன்று கிடைத்தாற் போதும். ஒன்று பலவாகப் பிரியும்.

பிரெஞ்சு வானியலார் இலக்காய் என்பவர் 1751–52ஆம் ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையிலிருந்து இக்கொத்தைக் கண்டு குறித்தார். 1834 முதல் 1838 வரை அங்கு தங்கியிருந்த ஜோன் ஹேர்ஷல் தமது பெரிய தூரதரிசினியால் இதனை நோக்கி, பல நிற மணிகள் நிறைந்த பேழைக்கு ஒப்பிட்டார். அன்று தொட்டு இதற்கு 'நகைப்பெட்டி' என்ற பெயர் நிலைத்தது. நீல மணிகளிடையே ஒரு மாணிக்கம் சிவந்து ஒளிர்வதை இன்றும் காணலாம்.

உறவினரும் அயலாரும்

அளவைக்கு முதற்படி, கொத்தைச் சேர்ந்தவர் யார், வழிப்போக்கர் யார் என்று பிரித்தறிவது. சிலுவையின் இடக்கை நட்சத்திரம் கொத்துக்கு மிக அருகிற் காணப்படினும் உறவு கொண்டதன்று. அது ஏறத்தாழ 280 ஒளியாண்டு தொலைவிலுள்ளது. நகைப்பெட்டியோ ஏறத்தாழ 6,400 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளது. திருவிழாக் கூட்டத்தில் ஒரே குடும்பத்தார் ஒன்றாக ஒரே திசையிற் செல்வது போல, கொத்தின் அங்கத்தினரும் விண்ணில் ஒரே திசையில் ஒரே வேகத்துடன் நகர்கின்றனர். அந்நகர்ச்சியே உறவுக்குச் சாட்சி.

2013இல் விண்ணுக்கு அனுப்பப்பட்டு 2025 வரை அவதானித்த ஐரோப்பியக் 'காயா' விண்கலம், இந்நகர்ச்சியை வியக்கத்தக்க நுட்பத்துடன் அளந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறுவது போலத் தோன்றும் சிறு கோணத்தையும் அது அளந்து தூரம் கண்டது. நகைப்பெட்டிக்கு அக்கோணம் எவ்வளவு தெரியுமா? ஒரு சென்ரிமீற்றர் அகலமுள்ள முத்தை 4,000 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவே!

தூசி செய்யும் மாயம்

அடுத்த படி, வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒளியின் அளவைக் காண்பது. சூடான நட்சத்திரம் நீலமாகவும் குளிர்ந்தது சிவப்பாகவும் ஒளிரும். ஆயின் இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. மாலைச் சூரியன் சிவப்பது சூரியன் குளிர்ந்ததாலா? இல்லை, இடையிலுள்ள காற்றும் தூசியும் நீல ஒளியைச் சிதறடிப்பதனால். விண்வெளித் தூசியும் நட்சத்திர ஒளியை மங்கச் செய்து சிவக்க வைக்கின்றது. 1930இல் றொபேட் திரம்ப்ளர் என்பார், இத்தகைய நட்சத்திரக் கொத்துகளை ஆராய்ந்தே இவ்வுண்மையை நிலைநாட்டினார். தூசியின் கணக்கைக் கழியாதவன் தூரத்தையும் தவறவிடுவான், வயதையும் தவறவிடுவான்.

வயதை எப்படி அறிவது?

நட்சத்திரங்களின் நிறத்தை ஒரு பக்கமும் பிரகாசத்தை ஒரு பக்கமுமாக வரைபடத்திற் குறித்தால், பெரும்பாலானவை ஒரு கோட்டில் வரிசையாக நிற்கும். வரிசையின் மேல்முனையில் நிறை மிக்க நட்சத்திரங்கள் இருக்கும். செல்வந்தன் வீட்டு ஊதாரிப் பிள்ளையைப் போன்றவை அவை. சூரியனைப் போல 15 மடங்கு நிறையுள்ள நட்சத்திரம் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு ஒளியை வாரி இறைக்கின்றது. சூரியன் ஏறத்தாழ ஆயிரங் கோடி ஆண்டுகள் வாழ வல்லது. இதுவோ ஒரு கோடி ஆண்டளவில் எரிபொருள் தீர்ந்து, வரிசையை விட்டு விலகிப் பருத்துச் சிவக்கின்றது. நகைப்பெட்டியின் மாணிக்கம் அவ்வாறு முதுமை எய்திய ஒன்றே. ஆகவே, வரிசை எந்த இடத்தில் முறிகின்றது என்று கண்டால் கொத்தின் வயது தெரிந்துவிடும்.

இந்திய வானியலார் இராம் சாகர், றசல் கனன் என்பாருடன் சேர்ந்து, ஐந்து நிறங்களில் இக்கொத்தை அளந்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார். வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு என்றனர். பிறர் கணிப்புகள் சில ஒன்றரைக் கோடி வரை செல்கின்றன. சில நட்சத்திரங்கள் இரட்டையாக இருந்து ஒன்று போலத் தோன்றுவதும், விரைந்து சுழல்வதும் கணக்கைச் சற்றே குழப்புகின்றன. எனினும், பல்லாயிரங் கோடி கிலோமீற்றரைப் பல இலட்சம் மடங்கு தாண்டி நிற்கும் ஒரு பொருளின் வயதை இவ்வளவு நெருக்கமாகக் கூற முடிவது மனித அறிவுக்குப் பெருமையன்றோ!

மற்றுமொரு விந்தை. சூரியனையொத்த நட்சத்திரம் சுருங்கி நிலைபெறப் பல கோடி ஆண்டுகள் வேண்டும். ஆகவே, ஒரே காலத்திற் பிறந்தும், இக்கொத்தில் நிறை மிக்க தமையன் மூப்பெய்தும்போது நிறை குறைந்த தம்பி இன்னும் தொட்டிலைவிட்டு இறங்கவில்லை!

அளவையின் பயன்

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கலாம். 1905இல் மன்னார்ப் பாரிற் பெருவிளைச்சல் கண்டது. அடுத்த ஆண்டே ஒரு கம்பெனி இருபதாண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. சில ஆண்டுகளுள் சிப்பி பொய்த்து அக்கம்பெனி நொடித்துப் போயிற்று. ஒரு நாளின் பளபளப்பைக் கண்டு மயங்குவது மதிப்பீடு ஆகாது. பிறப்பு, வளர்ச்சி, அழிவு ஆகிய மூன்றையும் அறிந்தாலன்றிக் கடலின் செல்வமும் விளங்காது; வானின் செல்வமும் விளங்காது.

வானிலோ இவ்வறிவு நம்மையே தொடுகின்றது. முத்து என்பது பெரும்பாலும் சுண்ணாம்பின் ஓர் உருவம்: கல்சியமும் கரியும் ஒட்சிசனும் சேர்ந்தது. சூரியன் பிறக்குமுன் வாழ்ந்து மடிந்த நட்சத்திரங்களின் உலைகளிலும் வெடிப்புகளிலும் விளைந்தவை இம்மூலகங்கள். நம் எலும்பிலுள்ள கல்சியமும் அத்தகையதே.

மாணவர்களே! நைனித்தால் வானாய்வுக்கூடம் வடக்கே மிகத் தொலைவிலுள்ளமையால் அங்கே நகைப்பெட்டி அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். சிலாவத்துறையிலோ அது இருபது பாகை உயரத்தில் எழுந்து நிற்கின்றது. இயற்கை நமக்கு அளித்த வாய்ப்பு இது. வைகாசி இரவொன்றிற் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லுங்கள். பாட்டனார் சிப்பி அளந்த துறையிலே நின்று, பேரப்பிள்ளைகள் விண்மீனை அளக்கத் தொடங்கட்டும்.