காணாத முகம், கேட்கும் பணம்

நெடுநாள் சிகிச்சையில் இருப்போருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இரவு நீளமானது. உறக்கம் வராத அவ்வேளையில் கைப்பேசியே துணையாகிறது. "சாப்பிட்டீர்களா? இன்று வலி எப்படி இருக்கிறது?" என்று ஒருவர் நாள்தோறும் கேட்டால் மனம் ஆறுதல் கொள்வது இயல்பே. அவ்வியல்பையே மூலதனமாகக் கொண்டது இணையவழிக் காதல் மோசடி. படித்தவர்களும் உயர்பதவி வகித்தவர்களும் இதில் பணம் இழந்துள்ளனர். ஆகவே இதை அறியாமையின் விளைவாக நாங்கள் கருதுவதில்லை.

மோசடி நடைபெறும் விதம்

அறிமுகம் முகநூலிலோ திருமணத் தகவல் தளத்திலோ தொடங்கும். எதிரில் இருப்பவர் தம்மை வெளிநாட்டில் பணிபுரியும் மருத்துவர், கப்பல் பொறியாளர் அல்லது படை அதிகாரி என்பார். நேரில் வர இயலாமைக்கு அப்பணியே காரணமாகக் காட்டப்படும். விரைவில் உரையாடல் வாட்ஸ்அப்புக்கு மாறும். வாரக்கணக்கில் அன்புமொழிகள் மட்டுமே வரும். நம்பிக்கை வேரூன்றிய பின்னரே பணப்பேச்சு எழும்.

அது பல வடிவங்களில் வரக்கூடும். ஒன்று, பரிசுப் பொதி. நகையும் வெளிநாட்டுப் பணமும் அனுப்பியதாக அவர் கூறுவார். பின்னர் சுங்க அலுவலர் என்ற பெயரில் மற்றொருவர் அழைத்து, வரி செலுத்தாவிடில் வழக்கு என மிரட்டுவார். சுங்கத்துறை தனிநபரின் வங்கிக் கணக்கில் வரி செலுத்துமாறு கேட்பதில்லை. இரண்டாவது, விபத்து, அறுவை சிகிச்சை, பயணச்சீட்டு என்னும் அவசரத் தேவை. மூன்றாவது, முதலீடு. முதலில் சிறு இலாபத்தைத் திருப்பித் தந்து ஆசையூட்டுவர். பெருந்தொகை சேர்ந்தபின், அதை எடுக்கவே தனிக்கட்டணம் கேட்பர். திரையில் தெரியும் இலாபம் வெறும் எண்களே. நான்காவது, அந்தரங்கக் காணொளியைப் பதிவுசெய்து மிரட்டுவது. ஒருமுறை பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, வளரும்.

எப்படி அறிவது?

நேரில் ஒருமுறையேனும் சந்திக்காதவர் எக்காரணம் சொல்லிப் பணம் கேட்டாலும் அதை மோசடியாகவே கொள்க. "வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பது மற்றோர் உறுதியான அறிகுறி. காணொளி அழைப்பில் முகம் கண்டதும் சான்றாகாது. இன்று முகத்தையும் குரலையும் செயற்கையாக உருவாக்க இயலும்.

பணம் அனுப்பிவிட்டால்

மேலும் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்கு விரைந்து நகர்த்தப்படும். அதற்குள் புகார் சென்றால் எஞ்சியதை முடக்க வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதியலாம். வெட்கத்தால் உரையாடல்களை அழித்துவிட வேண்டாம்; அவை, பரிவர்த்தனை எண், தொலைபேசி எண் ஆகியவையே சான்றுகள். இழந்ததை மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போர் பின்னர் வரக்கூடும். அதுவும் மோசடியே.

குடும்பத்தாருக்கு

"இதுகூடவா தெரியவில்லை?" என்று கேட்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் பணத்தை மட்டுமன்றி, தாம் மெய்யென நம்பிய ஓர் உறவையும் இழந்திருக்கிறார். அவரது துயரம் பொய்யன்று. கடிந்துரைத்தால் அவர் மீண்டும் அந்தக் குரலையே நாடக்கூடும். அருகில் அமர்ந்து கேளுங்கள். புகார் அளிக்க உடன் செல்லுங்கள்.

சிகிச்சைக்கென வைத்திருந்த தொகை போய்விட்டதா? அதை மறைப்பதற்காக மருந்தைக் குறைத்துக்கொள்ளவோ, மறுபரிசோதனையைத் தவிர்க்கவோ வேண்டாம். மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியே கூறுங்கள். அரசுக் காப்பீடு உள்ளிட்ட வழிகளைச் சேர்ந்து ஆராயலாம். உறக்கமும் பசியும் கெட்டாலோ, வாழ்வில் பற்றற்ற எண்ணம் தோன்றினாலோ, தாமதியாமல் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், இரவிலும் பேசலாம்.

மோசடி செய்பவர் வேண்டுவது உங்கள் மௌனம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே வாய்திறந்து சொல்வதே மீட்சியின் முதற்படி.