தீவு வளர்த்த நஞ்சு

கடலால் துண்டிக்கப்பட்ட நிலத்தில் உயிர்கள் தம் போக்கில் மாறுகின்றன. கிடைக்கும் இரை வேறு, எதிரிகள் வேறு, வெளியிலிருந்து இனக்கலப்பும் இல்லை. தலைமுறைதோறும் சேரும் சிறு வேறுபாடுகள் காலப்போக்கில் தனி இனத்தையே உருவாக்கிவிடும். திரைப்படங்கள் இதை ராட்சத மிருகங்களாகக் காட்டுகின்றன. பாம்புகளிடம் இந்த மாற்றம் நஞ்சுக்குள் நடக்கிறது.

பிரேசில் கரைக்கு அப்பாலுள்ள கெய்மாடா கிராண்டி தீவு ஒரு சான்று. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்தபோது அது பிரிந்தது. அங்கே சிக்கிய விரியன்களுக்கு எலி போன்ற இரை இல்லை. வலசை வரும் பறவைகளே உணவு. கடிபட்ட பறவை பறந்துவிட்டால் இரை போய்விடும். அதனால் பறவையை விரைவில் கொல்லும் நஞ்சு அவற்றிடம் நிலைத்தது.

இந்தியாவில் இத்தகைய இடம் அந்தமான். சென்னையிலிருந்து 1,300 கி.மீ.க்கும் அப்பாலுள்ள இந்தத் தீவுகளின் விலங்குகள் பலவும் மியான்மர் பக்கத்து உறவுடையவை. அந்தமான் நாகம் 1913-இலும் அந்தமான் கட்டுவிரியன் 1978-இலும் அறிவியலில் பதிவாயின. இவற்றோடு அந்தமான் குழிவிரியனும் உண்டு. மூன்றும் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

சிக்கல் மருந்தில் தொடங்குகிறது. இந்திய விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டே தயாராகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தமிழக நிலப்பரப்பில் அஞ்ச வேண்டியவை பெரும்பாலும் இவையே.

நஞ்சு சேகரிப்பதில் முன்னிற்பது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கப்பட்டது. பிடித்த பாம்பின் தலையைப் பற்றி, சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்க வைக்கிறார்கள். பல் சவ்வைத் துளைத்ததும் நஞ்சு உள்ளே சொட்டுகிறது. சில வாரங்களில் நான்கு முறை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்த, அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்ததே மருந்து. ஒரு மில்லிலிட்டர், நல்ல பாம்பின் 0.6 மில்லிகிராம் நஞ்சை முறிக்கும். கட்டுவிரியனின் நஞ்சானால் 0.45 மில்லிகிராம்.

எதிர்ப்பொருள் தனக்குப் பழக்கமான மூலக்கூற்றின் வடிவத்தையே பற்றிக்கொள்ளும். தீவுப் பாம்பின் நஞ்சில் வடிவம் மாறியிருந்தால் பிடிப்பு தளரும். அதிக மருந்து தேவைப்படும், பலன் குறையவும் கூடும். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் நெருங்கிய உறவினங்களாவது அந்த நால்வரில் உண்டு. குழிவிரியன் வகை எதுவும் அப்பட்டியலில் இல்லை.

தீவுப் பாம்புகளின் நஞ்சையும் சேகரித்து, வட்டாரத்துக்கேற்ற மருந்து தயாரிப்பதே நிலையான தீர்வு. அதுவரை அங்கும் முதலுதவி நிலப்பரப்பில் உள்ளதேதான்: கடிபட்ட உறுப்பை அசைக்கக் கூடாது, கீறவோ இறுகக் கட்டவோ கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டுவிரியன் வகையின் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கும் என்பதால், செயற்கைச் சுவாசக் கருவி மருந்துக்கு இணையாக உயிர் காக்கும்.