சாகனாகி

சாகனாகி என்பது பாலாடைக்கட்டித் துண்டை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து எடுக்கும் கிரேக்க உணவு ஆகும். முதன்மை உணவுக்கு முன்பாகப் பலரும் பகிர்ந்து உண்ணும் 'மெசே' என்ற சிறு தட்டு உணவுகளுள் இதுவும் ஒன்று.

பெயர் உணவைக் குறிப்பதன்று, பாத்திரத்தைக் குறிப்பது. இருபுறமும் காது வைத்த சட்டியைக் கிரேக்கர் 'சாகானி' என்பர். அதில் சிறியது 'சாகனாகி'. இச்சொல் துருக்கி மொழியின் 'சகான்' என்பதிலிருந்து வந்தது. இறாலையோ சிப்பியையோ தக்காளியுடனும் ஃபெட்டா கட்டியுடனும் இச்சட்டியில் சமைத்தாலும் அதுவும் சாகனாகியே.

எந்தக் கட்டி ஏற்றது?

இவ்வுணவின் வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது. கிரேக்கத்தில் கெஃபலோதிரி, கெஃபலோகிராவியேரா, கிராவியேரா போன்ற கெட்டியான வகைகளைப் பயன்படுத்துகின்றனர். சைப்ரசு நாட்டு ஹலூமியும் ஏற்றது. மொசரெல்லாவைப் போட்டால் சட்டியெங்கும் உருகி ஓடிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு? கட்டியில் கேசீன் என்னும் பால்புரதம் வலைபோலப் பின்னியிருக்கிறது. அதைப் பிணைத்து வைப்பது கால்சியம். மொசரெல்லாவில் புளிப்பு ஏறி, கால்சியத்தின் ஒரு பகுதி கரைந்துவிடுவதால் வலை தளர்ந்து, சூட்டில் இழுபடுகிறது. ஹலூமியில் புளிப்பு குறைவு; போதாததற்குத் திரட்டிய கட்டியை அதன் மோர்நீரிலேயே மீண்டும் கொதிநிலைக்கு அருகில் வேகவைக்கிறார்கள். ஆகவே அது உருவம் குலையாது. நம் கடைகளில் கிடைக்கும் பனீரும் உருகாது, ஆனால் காரணம் வேறு: சூடான பாலில் புளிப்பைச் சேர்த்துத் திரிக்கும்போது புரதங்கள் ஒன்றோடொன்று நேரடியாக ஒட்டிக்கொள்கின்றன. பனீரைக் கொண்டு செய்து பழகலாம். உப்பு மட்டும் தூவிக்கொள்ள வேண்டும். சுவை கிரேக்கச் சுவையாக இராது.

செய்முறை

கட்டியை ஏறத்தாழ 1 செ.மீ. கனத்தில் வெட்டவும். மெல்லியதாக இருந்தால் உருகிப்போகும். தடித்தால் உள்ளே சூடேறாது. துண்டைக் குளிர்ந்த நீரில் நனைத்து, உடனே மைதா மாவில் இருபுறமும் புரட்டவும். ஈரம் இல்லாவிட்டால் மாவு பிடிக்காது. ஒட்டாத மாவைத் தட்டி உதற வேண்டும். உதிரும் மாவு எண்ணெயில் கருகிக் கசக்கும்.

அடி கனத்த சட்டியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைக் காயவிடவும். ஒரு சிட்டிகை மாவு போட்டால் உடனே பொரிய வேண்டும், புகையக் கூடாது. நான் முதன்முறை செய்தபோது அவசரப்பட்டு எண்ணெய் காயுமுன் போட்டேன். கட்டி அடியில் பிடித்து, கரண்டியால் சுரண்டித்தான் உண்டோம். பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடம் போதும். ஒரே முறைதான் திருப்ப வேண்டும். கிரேக்கக் கட்டிகளில் உப்பு மிகுதி என்பதால் தனியே உப்பு வேண்டாம். எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத்தூள் தூவி, ரொட்டியுடன் சூடாகவே உண்ண வேண்டும். ஆறினால் ரப்பர்போல ஆகிவிடும்.

தீ மூட்டும் வழக்கம்

அமெரிக்காவின் கிரேக்க உணவகங்களில் சாகனாகி மீது பிராந்தி ஊற்றி, "ஓப்பா!" என்று கூவித் தீ மூட்டி, எலுமிச்சைச் சாற்றால் அணைப்பார்கள். சிகாகோவில் 1968-இல் தொடங்கப்பட்ட பார்த்தினான் உணவகம் இதற்கு உரிமை கொண்டாடியது. கிரேக்கத்தில் இது மரபன்று. காணொளி பார்த்து வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். புட்டியிலிருந்து நேரே ஊற்றினால் தீ புட்டிக்கே தாவக்கூடும். பொரிக்கும்போது எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, சட்டியை உலோக மூடியால் மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடவும்.