பொத்துவில் ராத்தா வீட்டுக்குச் சைக்கிளில் போனோம்

2022 ஆம் ஆண்டு பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களை நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் வாரக்கணக்கில் சுவரோடு சாய்ந்து நின்றது. வேறு வழியில்லாமல் என் கணவர், உம்மா வீட்டுப் பின்கொட்டிலில் கிடந்த எனது பழைய லுமாலாவை எடுத்து வந்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, புது ரயர் இரண்டும் போட்டு வேலைக்குப் போய்வரத் தொடங்கினார். பெண்கள் ஓட்டும் சைக்கிள் என்று அவர் கூச்சப்படவில்லை. அந்த நாட்களில் யார்தான் கூச்சப்பட்டார்கள்?

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஆண்டோடு அந்தச் சைக்கிள் நின்றுபோனது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. "இனி என்னத்துக்கு?" என்று உம்மா ஒரு சொல் சொன்னார், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, முற்றத்தில் அதில் ஏறிப் பார்த்தேன். கால் மறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "உம்மா, பெரியும்மா வீட்டுக்கு இதிலேயே போனால் என்ன?"

அவளுடைய பெரியும்மா, அதாவது என் ராத்தா, இருப்பது பொத்துவிலில். அக்கரைப்பற்றிலிருந்து ஏறக்குறைய 45 கிலோ மீற்றர். அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் இரண்டொரு வருடத்தில் அவளுக்கும் யாராவது "இனி என்னத்துக்கு?" என்று சொல்லத்தான் போகிறார்கள் என்ற எண்ணம் என் மனதில் ஓடியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவை நாங்கள் போய்ச் சேரவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பிழைகளில் அநேகத்தை ஒரே நாளில் செய்து முடித்தோம்.

அது 2023 ஆகஸ்ட். நான் லுமாலாவில், மகள் தன் பாடசாலைச் சைக்கிளில், கணவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதில். ராத்தாவுக்கென்று செய்த தொதல், மாற்று உடுப்பு, பாய்கூட ஒன்று என்று எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் திணித்து என் ஹாண்டிலில் தொங்கவிட்டோம். வீட்டு வேலை முடித்துப் புறப்படும்போது மணி ஒன்பதரை. ஆகஸ்டில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெற்கே போகிறவருக்கு அது முகத்துக்கு நேரே வரும் என்பது மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. தம்பிலுவிலைத் தாண்டும் முன்பே முழங்காலின் முன்புறம் வலித்தது. ஹாண்டில் பையின் பாரத்தால் சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது. திருக்கோவிலுக்குக் கிட்ட என் அபாயாவின் ஓரம் செயினுக்குள் போய், நான் வீதியோர மணலில் விழுந்தேன். முழங்கை உரசியதோடு தப்பியது அல்லாஹ்வின் கிருபை; பின்னால் வந்த லொறி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்திருந்தது.

அருகிலிருந்த வீட்டிலிருந்து ஓர் அம்மா ஓடிவந்தார். "எங்க மகள் போறீங்க இந்த வெயிலுக்க?" என்று கேட்டு, உள்ளே அழைத்துக் காயத்தைக் கழுவி, இளநீர் வெட்டித் தந்தார். யுத்த காலத்தில் அந்த வீதியால் பஸ்ஸில் போகவே நாங்கள் பயந்தவர்கள். அவருடைய விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் படுத்திருந்தேன். பிறகு மூன்று சைக்கிளையும் ஒரு சிறிய லொறியில் ஏற்றி ஊர் திரும்பினோம்.

மாமி அன்று எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் காலை தேநீர் குடிக்கும்போது, "தாயும் மகளும் லொறியில வந்து இறங்கினதப் பாத்து ஆக்கள் என்ன சொல்லும்?" என்று மட்டும் கேட்டார். மகள் சைக்கிளை எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அதுதான் எனக்குக் காயத்தைவிட வலித்தது.

சீற் உயரமும் சாமான் பாரமும்

ஊரில் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் முழங்கால் வலியைச் சொன்னேன். அவர் காலைப் பார்க்கவில்லை, சீற்றைப் பார்த்தார். இரண்டு விரற்கடைக்கு மேல் உயர்த்தினார். சகோதரிகளே, நம்மில் பெரும்பாலானோர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில், இரண்டு பாதமும் நிலத்தில் படுமாறு சீற்றைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறோம். கடைக்குப் போய்வர அது போதும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிதித்தால் முழு நோவும் முழங்காலில் இறங்கிவிடும். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீற்றில் அமர்ந்து, கீழே இறங்கி நிற்கும் பெடலில் குதிக்காலை வையுங்கள். கால் ஏறத்தாழ நேராக நிற்க வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள். அப்போது முழங்காலில் இலேசான மடிப்பு இருக்கும். அதுதான் சரியான உயரம். நிற்கும்போது முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொண்டால் பயம் போய்விடும்.

பாரம் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1894 ஜூனில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து அனி லண்டன்டெரி என்ற பெயரில் ஒரு பெண் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவருடைய உண்மையான குடும்பப் பெயர் கொப்சொவ்ஸ்கி. மூன்று சிறு பிள்ளைகளின் தாய். ஏறிய சைக்கிள் 42 இறாத்தல், உடுத்தியிருந்தது நீண்ட பாவாடை. சிக்காகோ போய்ச் சேரவே செப்டெம்பர் ஆகிவிட்டது. அங்கே அந்தச் சைக்கிளைக் கைவிட்டு 21 இறாத்தல் சைக்கிளுக்கு மாறினார், உடையையும் மாற்றினார். பிறகு கடல்களைக் கப்பலில் கடந்து, வழியில் நமது கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டு, மறு ஆண்டு நாடு திரும்பினார். அவர் அணிந்த உடை நமக்கானதல்ல. ஆனால் சிக்காகோவில் அவர் செய்த கணக்கு நமக்கும் பொருந்தும்.

பாயை எடுத்தோம் என்றேனே! இரண்டாம் முறை ஒருவருக்கு ஐந்து கிலோவுக்குள் அடக்கினோம். ஒரு மாற்று உடுப்பு, துவாய், தொழுகை உடை, மருந்து, சிறு டோர்ச், பழுது பார்க்கும் சாமான். எல்லாம் பின் கரியரில், இரண்டு பக்கமும் சமமாகத் தாழத் தொங்கும் பைகளில். பாரம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குச் சைக்கிள் ஆடாது. பழைய கன்வஸ் துணியில் பைகளை நானே தைத்தேன். உள்ளே பொலித்தீன் பை ஒன்று போட்டால் மழைக்கும் பயமில்லை. முதுகில் மாட்டும் பையைத் தவிருங்கள். முதுகு வியர்த்து, தோள்மூட்டு பிடித்துக்கொள்ளும்.

உடைக்கும் வழி இருக்கிறது. செயினுக்கு முழு மூடி போட்டோம். பின் சில்லின் இரு பக்கமும் துணி போகாதவாறு வலை அடித்தோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும், இரு பக்கமும் வெட்டு வைத்த மேலாடை ஒன்று தைத்து, உள்ளே தளர்வான காற்சட்டை. ஸ்காபின் முனைகளை உள்ளே குத்திவிட வேண்டும். செருப்பு வேண்டாம், சப்பாத்து நல்லது. உள்ளாடை தடித்த தையலில்லாத பருத்தியாக இருந்தால் சீற் உரசும் புண் வராது. பஞ்சு மெத்தை போன்ற பெரிய சீற் வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள், தூரப் பயணத்தில் அதுவே அதிகம் உரசும்.

புதுச் சைக்கிள் வேண்டுமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அயர்லாந்தைச் சேர்ந்த டேர்வ்லா மேர்ஃபி என்ற பெண்ணுக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலகப் படப் புத்தகமும் கிடைத்தன. ஒரு நாள் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவேன் என்று அப்போதே முடிவெடுத்தார். நோயாளித் தாயைப் பல ஆண்டுகள் பராமரித்து, தாய் மறைந்த பின்னரே, 1963 இல், 31 வயதில் புறப்பட முடிந்தது. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டில்லி போய்ச் சேர்ந்தார். கரடுமுரடான வீதிகளில் பழுதாகிவிடும் என்று, சைக்கிளில் இருந்த கியரைப் புறப்படும் முன்பே கழற்றிவிட்டாராம்! மலைநாட்டு ஏற்றங்களுக்குக் கியர் அவசியந்தான். கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான தட்டை நிலத்துக்கு அது தேவையில்லை. பிரேக் பிடிக்க வேண்டும், சில்லு நெளியாமல் சுற்ற வேண்டும், ரயர் வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பாருங்கள். பாரம் ஏற்றினால் பின் ரயருக்குக் காற்றுக் கூடுதலாகத் தேவை. எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பது ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

பயிற்சியை நாங்கள் எட்டு வாரங்களாகப் பிரித்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள், சுபஹுக்குப் பின். முதலில் ஐந்து கிலோ மீற்றர், பிறகு பத்து, பதினைந்து. ஆறாம் வாரம் பைகளை ஏற்றிக்கொண்டு கல்முனைப் பக்கம் போய்த் திரும்பினோம். சுமையோடு மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு கிலோ மீற்றர் போவது எங்களுக்கு இலகுவாக இருந்தது. அப்படியானால் பொத்துவிலுக்கு நான்கு மணித்தியாலம், இளைப்பாற இன்னும் ஒன்றரை. சீனி வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

டியூப் ஒட்டுவதை மகள் அந்தப் பெரியவரிடம் கற்றுக்கொண்டாள். உதிரி டியூப் ஒன்று, ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, ஒட்டுத் துண்டு, சொலியூஷன், அரத்தாள், சில்லு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், கைப்பம்ப். இவ்வளவும் ஒரு சிறு டப்பாவுக்குள் அடங்கும். வீட்டில் மூன்று முறை கழற்றிப் பூட்டிப் பார்க்காதவர்கள் வீதியில் செய்யமாட்டார்கள்.

இரண்டாம் முறை

எங்கள் கரையில் மழை நவம்பரில் கனத்து ஜனவரி வரை நிற்கும். கச்சான் மே மாதத்துக்குப் பிறகு. இடையிலே பெப்ரவரி, மார்ச் இருக்கிறது. 2024 இல் நோன்பு மார்ச்சில் வந்ததால் பெப்ரவரி இறுதியைத் தெரிந்தெடுத்தோம். மாமியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சீற்றையும் பைகளையும் பார்த்தார், செயின் மூடியைத் தட்டிப் பார்த்தார். "தொதல் இந்த முறை ஆர்ர சைக்கிள்ள?" என்றார்.

சுபஹ் தொழுது, நன்றாக வெளிச்சம் வந்த பிறகே புறப்பட்டோம். கோமாரிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. இருட்டிலும் மாலை மங்கும்போதும் அந்த வீதியில் சைக்கிள் கூடாது. கணவர் முன்னால், மகள் நடுவில், நான் பின்னால், ஒரே வரிசையில். என் முதுகில் மஞ்சள் துணி, ஹாண்டிலில் சிறு கண்ணாடி. வீதியின் விளிம்போடு ஒட்டிப் போனால் மணலில் சில்லு சறுக்கும். அரை மீற்றர் உள்ளே போக வேண்டும். பஸ் ஹோர்ன் அடித்தால் பதறித் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போங்கள். திரும்பினால் சைக்கிளும் திரும்பிவிடும்.

திருக்கோவிலில் அந்த அம்மா வீட்டுக்குப் போய், அவருக்கென்று எடுத்துச் சென்ற தொதலைக் கொடுத்தோம். "இண்டைக்கு விழல்லயா?" என்று கேட்டார். தாண்டியடிக்குப் பிறகு வீடுகள் குறைந்துவிடும். தண்ணீரை அதற்கு முன் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு இரண்டு லீற்றர் வைத்திருந்தோம், ஒரு போத்தலில் ஜீவனி கரைத்தது. தாகம் வரும்வரை காத்திராமல் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சில மிடறு. பேரீச்சம்பழம், வாழைப்பழம், அவித்த கடலை. தலை சுற்றினாலோ உடம்பு குளிர்ந்து சிலிர்த்தாலோ உடனே நிழலில் நிறுத்திவிட வேண்டும். சங்கமன்கண்டிப் பக்கம்தான் நமது நாட்டின் கிழக்குக் கோடி முனை என்று மகள் புவியியல் பாடம் நடத்தினாள். பஸ்ஸில் எத்தனையோ முறை போன வழி. அந்த இடத்தில் காற்றில் உப்பு வாசம் வருகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

45 கிலோ மீற்றர் கஸ்ர் தொழுகைக்கான தூரமாகாது என்று மௌலவி சொல்லியிருந்தார். ஆகவே ளுஹருக்கு முன் போய்ச் சேர்வதே எங்கள் கணக்கு. வழியில் எல்லாப் பள்ளிவாசலிலும் பெண்களுக்கு இடம் இருக்காது, இதைப் புறப்படும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். முதற் பயணத்துக்கு உறவினர் வீட்டைத் தெரிவு செய்யச் சொல்வதும் இதனால்தான். தொழ இடம், குளிக்கத் தண்ணீர், இரவுக்குப் பாதுகாப்பு, மூன்றுக்கும் வேறு ஏற்பாடு தேவைப்படாது.

பதினொன்றரைக்கு ராத்தா வீட்டுப் படலையைத் தள்ளினோம். நாங்கள் பஸ்ஸில் வருவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். சைக்கிள்களைப் பார்த்து வாயில் கை வைத்தவர், முதலில் மகளை அணைத்தார், பிறகு என்னைத் திட்டினார்.

மறுநாள் திரும்பும்போது கோமாரிப் பாலம் தாண்டி மகளின் பின் சில்லில் காற்றுப் போனது. அவள் தகப்பனைத் தொடவிடவில்லை. சில்லைக் கழற்றி, முள்ளைத் தேடி எடுத்து, டியூப் மாற்றிப் பூட்ட இருபத்தைந்து நிமிடம். உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேர் கடைசிவரை நின்று பார்த்தார்கள்.

அடுத்த முறை பொத்துவிலில் ஓர் இரவு தங்கி, அறுகம்பைப் பாலத்தைக் கடந்து பாணமைவரை போகலாம் என்று மகள் சொல்கிறாள். அந்தப் பக்கமும் யானை அதிகம். எந்த மாதம், எந்த நேரம் நல்லது என்று மச்சான் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.