உணவும் உழைப்பும் நடுக்குவாதமும்

நோயைத் தனிமனிதரின் பழக்கவழக்கங்களின் விளைவாக மட்டுமே நோக்கும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. ‘இதனை உண்க, அதனைத் தவிர்க்க’ என்னும் அறிவுரைகளில் உண்பவரின் வாழ்நிலை மறைந்துவிடுகின்றது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயை முன்வைத்து இதனை நாம் ஆராயலாம்.

இந்நோயை 1817 இல் விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டிப் புனைபெயரில் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவர். மூளையில் டோபமினை உண்டாக்கும் நரம்புக்கலங்கள் படிப்படியாக அழிவதே இந்நோயின் அடிப்படை. காய்கறி, கனி, பருப்பு, மீன் ஆகியவற்றை மிகுதியாக உண்போரிடையே இது குறைவாகவும், பாலுணவை மிகுதியாகக் கொள்ளும் ஆண்களிடையே சற்றுக் கூடுதலாகவும் காணப்படுகின்றது. சிங்கப்பூர்ச் சீனரிடையே நிகழ்த்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்று, கறுப்புத் தேநீர் அருந்துவோரிடையே இந்நோய் குறைவெனக் கண்டது. இவை தொடர்புகளே, காரணங்களென நிறுவப்பட்டவையல்ல. நடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மலச்சிக்கல் முதலிய குறிகள் தென்படுவதால், நோயே உணவுப் பழக்கத்தை மாற்றியிருத்தலும் கூடும்.

தேநீர் என்றதும் கண்டிச் சீமை நம் நினைவுக்கு வருகின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது முதல் அதனை வளர்த்தெடுத்தோர் தமிழ்த் தொழிலாளர். அவர்களும் தேநீர் அருந்துவோரே. எனினும் அவர்களது உடல் எதிர்கொண்டது தேநீரை மட்டுமன்று. தேயிலைத் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட களைநாசினிகளுள் பரகுவாட்டும் ஒன்று. நஞ்சருந்தி மாண்டோர் தொகை கருதி, இலங்கையில் அது 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. அதே 2011 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பரகுவாட்டைப் பயன்படுத்தியோரிடையே நடுக்குவாதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கெனக் காட்டியது. அவ்வாய்வின் தொடர்ச்சியாக 2014 இல் வெளியான கட்டுரை நமக்கு மிக முக்கியமானது. மீன் முதலியவற்றிலுள்ள பல்நிறைவுறாக் கொழுப்பமிலங்களைக் குறைவாக உண்டோரிடத்தே பரகுவாட்டுடனான தொடர்பு வலுவாகவும், மிகுதியாக உண்டோரிடத்தே மிகவும் நலிந்தும் இருந்தமையை அது எடுத்துரைத்தது.

எனவே உணவையும் உழைப்பையும் பிரித்து நோக்குதல் பொருந்தாது. கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் லயத்து அடுப்பில் இடம்பெற்றமை வெறும் நாவின் சுவையாலன்று. நாட்கூலியின் அளவும் அதனைத் தீர்மானித்தது. கடலுக்குத் தொலைவான மலைநாட்டில் மீனுண்ணுமாறு கூறும் அறிவுரை, மீன் வாங்கும் வருவாயைப் பற்றியும் பேச வேண்டும். கைந்நடுக்கத்துடன் வரும் முதிய தொழிலாளியிடம் “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என வினவும் மருத்துவம், “என்ன வேலை செய்தீர்கள்? எத்தனை ஆண்டுகள் மருந்தடித்தீர்கள்?” எனவும் வினவுதல் வேண்டும். அவ்விடைகள் பதியப்படும்போதே இந்நோயின் சமூக வரலாறு எழுதப்படத் தொடங்கும்.