இதயத்தின் கடிவாளமும் சாட்டையும்

உங்கள் வலக்கை விரல்கள் மூன்றை இடது மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் வைத்து நாடியை எண்ணிப் பாருங்கள். அமைதியாக உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு 70 அல்லது 72 துடிப்புகள் இருக்கலாம். இரண்டு மாடிப் படிகளை வேகமாக ஏறிவிட்டு மறுபடி எண்ணுங்கள். 110, 120 என்று கூடியிருக்கும். உழைக்கும் தசைகளுக்கு இரத்தம் அதிகம் தேவை, ஆகவே இதயம் விரைகிறது என்று விடை சொல்லிவிடுவோம். தேவை உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியை இதயத்துக்குக் கொண்டு சென்றது யார்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துடிப்பதற்கு இதயத்துக்கு யாருடைய கட்டளையும் தேவையில்லை. தவளையின் இதயத்தை வெளியே எடுத்துத் தக்க உப்புக் கரைசலில் வைத்தால் அது தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். நம் இதயத்தின் வலது மேலறைச் சுவரில் சைனஸ் கணு என்னும் சிறு திசு இருக்கிறது. மின்துடிப்புகளை எழுப்புவது அதுவே.

அது தன் போக்கில் விடப்பட்டால் எவ்வளவு வேகமாகத் துடிக்கும்? இதயத்துக்கு வரும் இருவகை நரம்புகளின் செயலையும் மருந்துகளால் தடுத்து ஜோஸ், கொலிசன் என்னும் ஆய்வாளர்கள் அளந்தார்கள்; 1970-இல் முடிவை வெளியிட்டார்கள். அதன்படி இருபது வயதினருக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 107. வயது ஏற ஏறச் சற்றுக் குறையும். நூற்றுக்கு மேல் துடிக்கக்கூடிய இதயம் உங்களிடம் எழுபதுதான் துடிக்கிறது என்றால், யாரோ அதை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

ஜட்கா வண்டிக் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரனிடம் கடிவாளமும் உண்டு, சாட்டையும் உண்டு. இதயத்தின் கடிவாளம் வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து கழுத்து வழியாக இறங்கி வருகிறது. சாட்டை, தண்டுவடத்திலிருந்து புறப்படும் பரிவு நரம்புகள். இரண்டும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தானியங்கு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகிறது, நின்றும் போகிறது என்று 1845-இல் ஜெர்மானியச் சகோதரர்களான வேபர் இருவர் காட்டினார்கள். நரம்பைத் தூண்டினால் உறுப்பு வேலை செய்யும் என்றே எண்ணியிருந்த காலத்தில் இது பெரும் வியப்பு!

நீங்கள் ஓடத் தொடங்கியதும் நடப்பது என்ன? சாட்டையடி என்று பலர் நினைப்பார்கள். அப்படியன்று. முதலில் கடிவாளம் தளர்கிறது. தசை சுருங்கத் தொடங்கி ஒரு துடிப்பு முடிவதற்குள்ளேயே வேகஸின் பிடி நெகிழ ஆரம்பிக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, அதைக் கண்டு செய்தி அனுப்ப நேரமே இல்லை. கால்களுக்கு 'ஓடு' என்று ஆணையிடும்போதே மூளை முகுளத்துக்கும் தெரிவித்துவிடுகிறது. ஓட்டப் பந்தயக் கோட்டில் நிற்கும்போதே நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். பிறகு தசைகளிலிருந்து வரும் நரம்புச் செய்திகளும் சேர்ந்துகொள்கின்றன. சுமார் நூறு துடிப்பு வரையிலான ஏற்றத்தில் பெரும்பங்கு கடிவாளம் தளர்வதால் வருவது. அதற்குமேல் சாட்டையின் பங்கு வளர்கிறது. அட்ரினல் சுரப்பியின் அட்ரினலினும் இரத்தத்தில் வந்து சேர்கிறது.

கடிவாளம் மட்டும் ஏன் இவ்வளவு விரைவு? 1921-இல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை மற்றோர் இதயத்தில் சேர்த்தார். தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவாயிற்று! நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பது தெளிவாயிற்று. அது அசிட்டைல்கோலின். 1936-இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசு பெற்றார்கள். இப்பொருள் வெளிப்பட்டவுடன் சைனஸ் கணுவின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் திறக்கின்றன. ஒரு நொதி உடனே அதைச் சிதைத்தும் விடுகிறது. இழுப்பதும் விடுவதும் நொடிக்குள் முடிகிறது. பரிவு நரம்பு சுரக்கும் நார் அட்ரினலினோ செல்லுக்குள் பல வேதிமாற்றங்களை வரிசையாக நடத்தவேண்டும். அதற்குச் சில நொடிகள் ஆகும். அடங்கவும் நேரம் பிடிக்கும்.

கடிவாளமும் சாட்டையும் இல்லாத குதிரையையும் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். 1967 டிசம்பர் 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் ஒரு மனிதரின் இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். அத்தகைய சிகிச்சையில் இரத்தக் குழாய்களைத் தைக்கலாம். நரம்புகளைத் தைக்க இயலாது. ஆகவே மாற்று இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கிறது. அவர் நடக்கத் தொடங்கினால் முதல் சில நிமிடங்களில் துடிப்பு அதிகம் கூடுவதில்லை. அட்ரினலின் இரத்தத்தில் வந்து சேர்ந்த பிறகே மெல்ல ஏறுகிறது. நடை நின்ற பிறகும் இறங்கத் தாமதமாகிறது. அதனால்தான் அவர்களை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கச் சொல்கிறார்கள்.

நமக்கும் முடிக்கும் கட்டம் முக்கியமானது. ஓட்டம் நின்றதும் கடிவாளம் மறுபடி இறுகவேண்டும். அது எவ்வளவு விரைவில் இறுகுகிறது என்பது உடல்நலத்தின் அளவுகோல். 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 2,428 பேரை ஓடுபட்டையில் நடக்கவைத்துச் சோதித்து, ஆறாண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். உச்ச வேகத்திலிருந்து முதல் ஒரு நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ மட்டுமே இறங்கியவர்களிடம், வயது முதலிய மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்த பின்பும், இறப்பு சுமார் இருமடங்காக இருந்தது. ஒழுங்கான உடற்பயிற்சி இந்த இறக்கத்தை விரைவுபடுத்தும் என்பது ஆறுதல்.

ஓடியவர் திடீரென்று அசையாமல் நின்றுவிடுவதும் நல்லதன்று. கால் தசைகளின் அழுத்தம் நின்றதும் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். சில நிமிடங்கள் நடந்து ஆறுங்கள். அப்போது நாடியையும் எண்ணிக்கொண்டே வாருங்கள். இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பு மருந்து உண்பவர்கள் வீட்டில் இருந்தால், எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவர்களுடைய நாடி உங்களுடையதைப்போல் ஏறவில்லையே என்று திகைக்கவேண்டாம். அம்மருந்து தடுப்பது சாட்டையைத்தான்.